மெரிடன் கப்பலுக்கு நான் வைத்த தீ

எங்கள் மேசையில் தீ என்னுடையது, கடல் டார்கஸுடையது. லண்டனில் அச்சுப்படக் கடைகளில் அப்படித்தான்: அச்சான தாள் கைமாறிக் கைமாறி வரும், ஆளுக்கொரு வண்ணம் தீட்டித் தள்ளிவிடுவோம். யார் கப்பல், யார் சண்டை என்றெல்லாம் பார்த்தால் வேலை ஓடாது.

அந்த வாரம் கடைக்காரர் ஹாஸ்கெட்டின் காலில் வெந்நீர் ஊற்றியது போல ஓட்டம். பிரெஞ்சுக்காரர்களுடன் நடந்த கடற்சண்டையை நேரில் பார்த்த ஓர் அதிகாரி வரைந்தனுப்பிய படம் கையில் கிடைத்துவிட்டது. மற்ற கடைகளை முந்திக்கொண்டு நம் சன்னலில் தொங்க வேண்டும். செப்புத் தகட்டில் செதுக்கியவர் என் புருஷன் கிடியன். மூன்று நாள் தூங்காமல் செதுக்கினார். கீழே கப்பல்களின் பெயர்களை மட்டும் எழுத்து வெட்டுகிறவன் கடைசியாக வந்து வெட்டிவிட்டுப் போனான்.

காலையிலிருந்து நாற்பது தாளில் இடது ஓரத்துக் கப்பலுக்குத் தீ வைத்திருந்தேன். பாய்மரம் முறிந்து கிடந்தது, பாவம். டார்கஸுக்குப் படிக்கத் தெரியாது.

"அக்கா, கீழ என்ன எழுதியிருக்கு? எங்க வீட்டுக்காரர் கப்பலும் இருக்கா?" என்றாள்.

என் வாய் என்றைக்குச் சும்மா இருந்தது? "இடப்பக்கம் இருந்து முதல் கப்பல், மெரிடன்..." என்று படித்த பிறகுதான் உறைத்தது. அது அவள் புருஷன் நெட் போன கப்பல்.

டார்கஸ் அழவில்லை. தூரிகையைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு என் விரல்களைப் பார்த்தாள். அவை சிவப்பாக இருந்தன. எனக்கு அந்தக் கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது.

அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் படத்தையே வெறித்தேன். முன்னால் ஒரு படகு, அதில் வாளோங்கிய ஐந்து வீரர்கள். ஐந்து பேரும் இடது கையில் வாள் பிடித்திருந்தார்கள்.

தாளைச் சுருட்டிக்கொண்டு மாடிக்கு ஓடினேன்.

"ஏங்க, படத்தைத் தடம் எடுத்த தாளைத் தகட்டுல கவுத்து ஒட்டினீங்களா, அப்படியே ஒட்டினீங்களா?"

"இருபது வருஷமா தகடு வெட்டுறவன்கிட்ட வந்து கேக்குறியே, வெக்கமா இல்ல?"

"ஒருத்தன் இடதுகைக்காரன்னா சரி. ஒரு படகு முழுக்கவுமா?"

அவர் தாளை வாங்கிப் பார்த்தார். முகம் வெளுத்தது. எங்கள் தொழிலில் தகட்டில் எல்லாவற்றையும் வலம் இடமாக மாற்றி வெட்ட வேண்டும். அப்போதுதான் தாளில் நேராக விழும். தூக்கக் கலக்கத்தில் மனிதர் உள்ளபடியே வெட்டியிருக்கிறார். படம் திரும்பிவிட்டது. பெயர் வெட்டியவனோ அதிகாரி எழுதியனுப்பிய வரிசைப்படியே வெட்டிவிட்டான். இழுப்பறையிலிருந்து மூலப்படத்தை எடுத்தோம். எரியும் கப்பல் வலது கோடியில் இருந்தது, பிரெஞ்சுக் கப்பல். மெரிடன் இடது கோடியில், புகைக்குள் பாதி மறைந்து, மூன்று பாய்மரமும் முழுசாக நின்றது.

தப்பென்று ஒருநாளும் ஒப்புக்கொள்ளாத மனிதர். சோறு தீய்ந்தால்கூட அடுப்பைத் திட்டுவார். ஆனால் அன்று மூலப்படத்தை எடுத்துக்கொண்டு அவரே கீழே இறங்கினார்.

"தங்கச்சி, தப்பு என்னோடது. திருப்பி வெட்டிட்டேன். இதோ பாரு, உன் கப்பல் மிதக்குது."

டார்கஸ் அந்தப் பாய்மரங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். நெட் உயிரோடிருக்கிறானா என்று எந்தப் படமும் சொல்லாது, அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் கப்பல் இருக்கிறது. அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. எனக்கும்தான், மறைப்பானேன்?

ஹாஸ்கெட் குதித்தார். "நாப்பது தாளும் குப்பையா? யாருய்யா வாள் எந்தக் கையில இருக்குன்னு பாக்கப் போறான்?"

"நான் பாத்தேனே," என்றேன். "கப்பல்ல புருஷன் இருக்கிறவங்க எல்லாரும் உங்க சன்னல் முன்னாலதான் வந்து நிப்பாங்க. அவங்களுக்கு நீங்க பதில் சொல்லுவீங்களா?"

நாற்பது தாளையும் அவரே அள்ளி ஓரமாகப் போட்டார். கிடியன் பழைய பெயர்களைச் சுரண்டி, தகட்டைப் பின்புறம் தட்டிச் சமப்படுத்தி, மாலைக்குள் வரிசையை மாற்றி வெட்டினார். வீரர்கள் இடதுகைக்காரர்களாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டோம்.

புதுத் தாள்கள் வந்தன. நான் மறுபடி தீ வைத்து டார்கஸிடம் தள்ளினேன். அவள் கடலைத் தீட்டாமல் எரியும் கப்பலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது எதிரி கப்பல்டி. பேசாம தீட்டு."

"தெரியும்க்கா. அங்கயும் ஒருத்தி படம் பாத்துக்கிட்டு இருப்பால்ல?"

பழுப்பைத் தொட்டு, அந்தக் கப்பலின் பக்கத்துத் தண்ணீரில் சின்னதாக ஒரு படகு போட்டாள். அதில் நான்கு புள்ளிகள், நான்கு தலைகள். அவள் கை பட்ட தாள்களில் எல்லாம் அந்தப் படகு இருக்கும். தகட்டில் இல்லை.