ஒன்பது கம்புகள்

மூன்று லார்ச் மரங்கள் நிற்கிற இடத்தில் முதுகிலிருந்த கம்புக்கட்டை இறக்கிவைத்துவிட்டு முகட்டை அண்ணாந்து பார்த்தேன். டிசம்பர் முதல் வாரம், காலை பத்து மணி இருக்கும். பனி இன்னும் முழங்காலுக்குக் கீழேதான் கிடந்தது. கோடையில் இங்கிருந்து பாதை பள்ளத்துக்குக் குறுக்கே சமமாகப் போகும், மாடுகள்கூட அப்படித்தான் போகும். பனிக்காலத்தில் அந்தப் பக்கம் போகக் கூடாது. மேலே சரிவில் சேருகிற பனி மொத்தமும் அந்தப் பள்ளம் வழியாகத்தான் இறங்கும். அதனால் பனிக்கால வழி முகட்டின் முதுகில் செங்குத்தாக ஏறி, பள்ளத்துக்கு மேலாகச் சுற்றிக்கொண்டு கணவாய்க்குப் போகிறது. பனிக்காலணி கட்டிக்கொண்டு நடக்க வருகிறவர்களுக்காக, தலையில் இளஞ்சிவப்பு பூசிய கம்புகளை அந்த வழி நெடுக நடுவது என் வேலை. இருபத்திரண்டு வருடமாக நான்தான் நடுகிறேன்.

என் வலது முழங்கால் அந்த இலையுதிர்காலத்தில் கெட்டுப்போயிருந்தது. கீழே மருத்துவர் படம் எடுத்துப் பார்த்து, எலும்புக்கு நடுவே இருக்கிற மெத்தை தேய்ந்துவிட்டது, ஏற்றம் வேண்டாம் என்றார். யாரிடமும் சொல்லவில்லை. என் மனைவி பிராய்டாவிடம்கூட. சொன்னால் முதலில் இந்த வேலை போகும், அடுத்து மீட்புக் குழுவில் என் இடம் போகும். ஐம்பத்தேழு வயதில் மற்றவர்கள் மலையேறுவதைச் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். மருந்துக்கடை மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு கடப்பாரையை எடுத்துக்கொண்டு பள்ளத்துக்குக் குறுக்கே, கோடைப் பாதை மேலேயே நடந்தேன். இன்றைக்கு இருக்கிற பனிக்கு இங்கே ஒன்றும் ஆகாது, அடுத்த வாரம் வலி குறைந்ததும் வந்து முகட்டுக்கு மாற்றிவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உறைந்த மண்ணில் துளை போட்டு ஒன்பது கம்புகள் நட்டேன். அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் சுற்றுலா அலுவலகத்துக்குப் பேசி, கணவாய் வரை போட்டாகிவிட்டது, திறந்துவிடலாம் என்றேன்.

அடுத்த வாரம் போகவில்லை. அதற்கடுத்த வாரமும். வெளியூர்க்காரர்களில் பெரும்பாலோர் பள்ளத்துக்கு முன்னாலேயே இருக்கிற பாலாடைக்கட்டிக் குடிசை வரை நடந்து, சூப் குடித்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். மேலே போன ஒன்றிரண்டு பேருக்கும் எதுவும் ஆகவில்லை. ஒவ்வொரு நாளும் எதுவும் ஆகாமல் கழிந்தபோது, அது தப்பு என்கிற நினைப்பே எனக்குள் மெல்ல மங்கிப்போனது. புத்தாண்டுக்குப் பிறகு மூன்று நாள் விடாமல் பனி பெய்தது. அப்போதுகூட, போக வேண்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

ஜனவரி பத்தொன்பதாம் தேதி பதினொன்றரை மணிக்கு மீட்புக் குழுவின் அழைப்பு வந்தது. எதிர்மலையில் பனிச்சறுக்கு விளையாடிக்கொண்டிருந்த ஒருவர், பள்ளத்தில் பனி இறங்கியதையும், அதற்குச் சற்று முன்னால் அங்கே ஓர் ஆள் நடந்துகொண்டிருந்ததையும் பார்த்திருக்கிறார். நான் குடிசையில் ஓடு சரிசெய்துகொண்டிருந்ததால் எல்லோருக்கும் முன்னால் போய்ச் சேர்ந்தேன். கட்டிகட்டியாக உடைந்து கிடந்த பனியில் ஒரு கையுறை தெரிந்தது. மண்வெட்டியால் தோண்டி, முகம் தெரிந்ததும் கையால் பறித்தேன். மெங்கியா அக்கா. முப்பத்துநாலு வருடம் இந்தப் பள்ளத்தாக்கில் தபால் கொடுத்தவர். மூடுபனியில்கூட ஒரு வீட்டையும் தவறவிட்டதில்லை என்று பெயர் வாங்கியவர். உதடு நீலமாக இருந்தது, ஆனால் மூச்சு இருந்தது. ஹெலிகாப்டர் வந்து அவரைத் தூக்கிக்கொண்டு போன பிறகு குழுத் தலைவன் குர்தின் என் தோளைத் தட்டினான்.

"இன்னும் பத்து நிமிசம் போயிருந்தா அவ்வளவுதான். நீ வழிய மூடிட்டு மெதுவா வா தூரி. நாங்க முன்னால எறங்குறோம்."

எல்லோரும் போனார்கள். சரிந்த பனி ஐந்து கம்புகளைக் கொண்டுபோயிருந்தது. மிச்சம் நான்கு பள்ளத்தின் இரண்டு ஓரத்திலும் நின்றன, மெங்கியா அக்கா கிடந்த இடத்தை நேராகக் காட்டிக்கொண்டு. மீட்கிற அவசரத்தில் யாரும் அவற்றைக் கவனித்திருக்கவில்லை. நான் யோசித்தேன் என்று சொல்ல முடியாது. நான்கையும் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டு முகட்டில் ஏறினேன். வழிமூடும் பலகை கட்டுவதற்காகக் குழுவினர் குடிசையிலிருந்து எடுத்து வந்திருந்த உபரிக் கம்புகளையும் சேர்த்து, முகட்டின் முதுகு நெடுக நட்டேன். டிசம்பரில் என்னால் ஏற முடியாது என்று விட்ட ஏற்றத்தை முக்கால் மணி நேரத்தில் ஏறி முடித்தேன். அன்றிரவு பெய்த பனி என் தடத்தை மூடிவிட்டது. இரண்டு நாள் கழித்து வந்த காவல்துறை ஆள் முகட்டுக் கம்புகளைப் படம் எடுத்துக்கொண்டு போனார். அறிக்கையில், நடந்தவர் குறியிட்ட வழியை விட்டு விலகிச் சென்றிருக்கிறார் என்று எழுதினார்கள்.

ஊரில் அதை யாரும் கெட்ட எண்ணத்தோடு பேசவில்லை. மதுக்கடையில் சிரித்துக்கொண்டேதான் பேசினார்கள்.

"மெங்கியாவுக்கு இந்த மலையவே தன் பேர்ல எழுதி வச்ச நெனப்பு. கம்பு எதுக்கு, பலகை எதுக்கு?"

"எழுபத்தொண்ணு ஆச்சு. கால் போற எடம் ஒண்ணு, தலை போற எடம் ஒண்ணு."

நான் என் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ எனக்கு இன்னொன்று ஊற்றச் சொன்னார்கள்.

ஒரு வாரம் கழித்து மருத்துவமனைக்குப் போனேன். போகாமல் இருந்தால் சந்தேகம் வரும் என்றுதான் போனேன், அதையும் சொல்லிவிடுகிறேன். தொடை எலும்பில் கம்பி வைத்திருந்தார்கள். இடது கையில் இரண்டு விரல் நுனிகள் கறுத்துப்போய் வெட்டி எடுத்தாகிவிட்டது. அவர் மகள் செரெய்னா, கீழே சமவெளியில் பள்ளிக்கூடம் நடத்துகிறவள், சன்னலோரம் உட்கார்ந்து ஏதோ படிவம் நிரப்பிக்கொண்டிருந்தாள்.

"வாடா," என்றார் மெங்கியா அக்கா. "என்னைத் தோண்டி எடுத்தவன் நீதானாமே. நான் பாக்கவே இல்லையே, கண்ணு மூடிருந்துச்சு."

"வலி எப்படி இருக்குக்கா?"

"வலி கெடக்கட்டும். உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். கம்பு நட்டவன் நீ. மூணு மரத்துக்கிட்ட நான் நின்னேன். கம்பு நேரா பள்ளத்துக்குள்ள போச்சு. என்னடா இது, இங்க போட மாட்டானேன்னு நெனச்சேன். அப்புறம், தூரி போட்டிருக்கான்னா ஏதாவது காரணம் இருக்கும், இந்த வருசம் மேல பனி கம்மியா இருக்கும்னு நடந்தேன். எல்லாரும் கம்பு முகட்டுலதான் இருந்துச்சுங்கறாங்க. போட்டோவக் காட்டுறாங்க. நீ சொல்லு. எங்க இருந்துச்சு?"

செரெய்னா எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். வராந்தாவில் யாரோ தட்டுகள் அடுக்கிய வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. அது கடந்து போகும்வரை எனக்கு நேரம் இருந்தது.

"முகட்டுலதான்க்கா," என்றேன்.

அவர் வாதாடவில்லை. வாதாடுவார் என்றுதான் நினைத்திருந்தேன். கட்டுப் போட்ட கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டு, "அப்ப என் தலைதான்," என்றார்.

பிறகு, என்னிடம் அல்லாமல் சுவரிடம் சொல்வதுபோலச் சொன்னார்: "நேத்து ஒரு டாக்டர் பொண்ணு வந்து, ஞாபகம் சரியா இருக்கான்னு பாக்கக் கடிகாரம் வரையச் சொன்னா. பதினொண்ணு பத்து காட்டணுமாம். வரைஞ்சேன். முள்ளெல்லாம் சரியாத்தான் வந்துச்சு. ஆனா சரியா இருக்கான்னு அவ மூஞ்சியப் பாத்தேன் பாரு. அதுதான் எனக்கே பிடிக்கல."

பிப்ரவரியில் ஊர்க்கூட்டம் நடந்தது. பள்ளிக்கூட மண்டபத்தில் குர்தின் மீட்புக் குழுவின் ஆண்டறிக்கையை வாசித்துவிட்டு, என் பெயரைச் சொல்லி எழுந்து நிற்கச் சொன்னான். எல்லோரும் கைதட்டினார்கள். கோடைப் பண்ணைக்காரர்கள் சேர்ந்து ஒரு முழு வட்டப் பாலாடைக்கட்டியைத் தந்தார்கள், ஐந்து கிலோ இருக்கும், மேலே என் பெயரைச் சூட்டுக்கோலால் எழுதியிருந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் பிராய்டா அதை மேசையில் வைத்துக் கத்தியை எடுத்தாள். "வெட்டவா?" என்றாள். வேண்டாம் என்றேன். மறுநாளும் கேட்டாள். மூன்றாம் நாள் கேட்காமல் துணி போட்டு மூடி நிலவறையில் கொண்டுபோய் வைத்தாள். உருளைக்கிழங்கு எடுக்கப் போகும்போதெல்லாம் அந்தத் துணிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எடுத்தேன்.

மார்ச் முதல் வாரத்தில் செரெய்னா எங்கள் வீட்டுக்கு வந்தாள். அம்மாவைச் சமவெளியில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்க்க இடம் கிடைத்திருக்கிறது, ஊர் வீட்டைப் பூட்டிவிடப் போகிறோம் என்றாள். "அம்மா சரின்னு சொல்லல, வேணாம்னும் சொல்லல. நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்க பேச்சத்தான் கேப்பாங்க. உங்க மேல அவ்வளவு மரியாதை வச்சிருக்காங்க."

நான் சட்டையை மாட்டிக்கொண்டு அவளோடு நடந்தேன். இல்லத்துக்குப் போவது நல்லதுதான் என்று சொல்லிவிட்டு வரத்தான் போனேன். வழியெல்லாம் அந்த வாக்கியங்களைத்தான் அடுக்கிக்கொண்டிருந்தேன். மெங்கியா அக்கா சமையலறையில் ஊன்றுகோல்களை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அலமாரிக் கதவுகளில் எல்லாம் செரெய்னா காகிதம் ஒட்டியிருந்தாள்: கோப்பை, மாவு, மாத்திரை. மூடுபனியில் நாற்பது வீட்டுக் கதவைத் தேடிப் போனவருக்கு, எதிரே இருக்கிற கோப்பை எங்கே என்று எழுதி ஒட்டியிருந்தது.

"நீயும் சொல்ல வந்திருக்கியா?" என்றார். "சொல்ல வேணாம்டா. நானே போறேன்."

"அக்கா, கம்பு பள்ளத்துலதான் இருந்துச்சு."

என் குரல்தான் அது. செரெய்னா அடுப்பருகே திரும்பினாள்.

"முழங்கால் முடியல. டிசம்பர்ல முகட்டுல ஏறாம பள்ளத்துக்குக் குறுக்க நட்டுட்டேன். உங்கள எடுத்தப்பறம் எல்லாரும் எறங்குனதும் நான்தான் புடுங்கி மேல கொண்டுபோய் நட்டேன். ஆஸ்பத்திரில நீங்க கேட்டப்ப பொய் சொன்னேன்."

பிறகு அவர் கேட்டார்: "எத்தன நட்ட?"

"ஒன்பது."

"ஆறாவதுல நான் நின்னு மூச்சு வாங்குனேன்."

"ஆமாக்கா. ஏழாவதுக்குக் கீழதான் உங்கள எடுத்தேன்."

அவர் மகளைப் பார்த்தார். "கேட்டியா?" என்றார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் நீர் வழிய, ஊன்றுகோல்கள் மடியில் ஒன்றோடொன்று தட்ட, இழந்தது திரும்பக் கிடைத்தவர் சிரிப்பதுபோலச் சிரித்தார். திட்டியிருந்தால், கோலால் அடித்திருந்தால் நின்றிருப்பேன். அந்தச் சிரிப்புக்கு முன்னால் என்னால் நிற்க முடியவில்லை. செரெய்னா அலமாரிக் கதவிலிருந்து காகிதங்களை ஒவ்வொன்றாகக் கிழிக்கத் தொடங்கினாள். கிழிபடாமல் நின்ற பசையை நகத்தால் சுரண்டினாள்.

"காலு பனியால போச்சு, விரலும் பனியால போச்சு," என்றார் மெங்கியா அக்கா, சிரிப்பு அடங்கியதும். "ஆறு வாரமா என் மண்டைய நானே நம்பாம கெடந்தேனே, அத யாருடா செஞ்சது?"

"நான்தான்க்கா."

"புடுங்கி மேல கொண்டுபோனியே. அப்ப முழங்கால் வலிக்கலயா?"

"வலிச்சுது."

"ம். போ. குர்தின்கிட்டப் போய் இதையே சொல்லு. என்கிட்டச் சொன்ன மாதிரியே சொல்லு, சுருக்காத."

குர்தின் மீட்புக் குழுக் கொட்டகையில் கயிறு சுற்றிக்கொண்டிருந்தான். நான் பேசி முடிக்கும்வரை சுற்றுவதை நிறுத்தவில்லை. முடித்ததும், "நான்தான் உன்ன அங்க தனியா விட்டுட்டு எறங்குனேன்," என்றான். அதன் பிறகு என் முகத்தைப் பார்க்கவில்லை. தொலைபேசியை எடுத்துக் காவல்துறை எண்ணை அவனே அழுத்தி என் கையில் கொடுத்தான். பிராய்டாவுக்கு நான் சொல்வதற்குள் ரொட்டிக்கடையில் யாரோ சொல்லிவிட்டார்கள். அவள் வீட்டுக்கு வந்து, ரொட்டியை மேசையில் வைத்துவிட்டு, "மொதல்ல எனக்குத் தெரிஞ்சிருக்கணும்," என்றாள். வேலை போயிற்று. குழுவில் என் பெயரை அடித்துவிட்டார்கள். வழக்கு என்ன ஆகும் என்பது இன்னும் தெரியவில்லை.

ஏப்ரல் நடுவில், இரவெல்லாம் உறைந்து பள்ளம் கல்போல இறுகிய ஒரு காலையில், என்னை மேலே வரச் சொன்னார்கள். அறிக்கையைத் திருத்தி எழுத வேண்டும், கம்புகள் எங்கெங்கே இருந்தன என்று காட்ட வேண்டும். முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டு மெதுவாக ஏறினேன். குர்தின் பின்னால் வந்தான். ஜனவரியில் வந்த அதே காவல்துறை ஆள்தான் காமிராவோடு முகட்டில் ஏறி நின்றார். நடுவதற்குக் கம்பு எதுவும் கொண்டுவரவில்லை. அதனால் ஒவ்வோர் இடத்திலும் என்னையே நிற்கச் சொன்னார். நின்று ஒரு கையை நேராகத் தூக்க வேண்டும், அவர் படம் எடுப்பார், பிறகு அடுத்த இடம்.

ஒன்பது இடமும் எனக்கு மறக்கவில்லை. முதலாவதில் நின்றேன். இரண்டாவதில் நின்றேன். ஆறாவதில் நிற்கும்போது கீழே ஊர் முழுக்கத் தெரிந்தது: கோபுரம், பள்ளிக்கூடம், ஈரம் காயாத கூரைகள். மெங்கியா அக்காவின் வீட்டு மாடத்தில் யாரோ இருந்தார்கள். அவர்தானா, துணி காயப் போடும் செரெய்னாவா என்று அவ்வளவு தொலைவிலிருந்து தெரியவில்லை. யாராக இருந்தாலும், வெள்ளைச் சரிவுக்கு நடுவே கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற என்னை அங்கிருந்து பார்க்க முடியும்.

"படத்துல சரியா தெரியல," என்று மேலேயிருந்து குரல் வந்தது. "கைய இன்னும் தூக்குங்க."

தூக்கினேன்.