யாரும் ஓடாத தடம்

டீனோ ஃபவெரோ ஒரு திங்கட்கிழமை மாலை மாவுப் பையோடு கரும்புக்குள் ஓடினான். இருபத்தாறு வருஷம் ஓடிக்கொண்டே இருந்தான். மிர்ராபின் ஊரில் இதைப் பற்றி இரண்டாவது கருத்து கிடையாது. ஆளை யாரும் பார்த்ததில்லை, மாவை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். திங்கட்கிழமை சாயங்காலம் ஊரில் ஏதாவது ஓரிடத்தில் வெறும் காற்றிலிருந்து ஒரு பிடி மாவு பொத்தென்று தரையில் விழும். கொஞ்சம் தள்ளி இன்னொரு பிடி, அப்புறம் இன்னொன்று. ஓடுகிற ஆளின் வேகத்தில் அது கரும்பு ரயிலின் தண்டவாளத்தைத் தாண்டித் தோட்டத்துக்குள் போய்விடும். மறுநாள் வெயில் பட்டதும் அந்த மாவெல்லாம் உப்பி, சின்னச் சின்ன பன் மாதிரி எழுந்து நிற்கும். குப்பைத்தொட்டியைக் கவிழ்த்துத் தின்கிற காக்கட்டூ கிளிகூட அதில் வாய் வைத்ததில்லை.

மாவு உப்புவதற்குக் காரணம் உண்டு. அன்றைக்குக் கடையில் சாதா மாவு தீர்ந்துவிட்டதால், மனைவி நோலீன் ஸ்கோன் என்கிற சின்ன பன் சுடுவதற்காக வைத்திருந்த, சோடா கலந்த மாவை அவளிடம் சொல்லாமல் எடுத்துக்கொண்டு போயிருந்தான் டீனோ. எனவே அது அவன் போட்ட தடம்தான் என்பதில் நோலீனுக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை. சந்தேகம் வந்திருந்தால் கொஞ்சம் நிம்மதியாகத் தூங்கியிருப்பாள்.

மிர்ராபின் திங்கள் ஓட்டக் கூட்டம் குடிப்பதற்காக ஓடுகிற கூட்டம். ஓடுவதற்காகக் குடிக்கிறது என்று சொல்லுபவர்களும் இருக்கிறார்கள். ஒருவர் முயல். அவர் முன்னால் போய் மாவால் தடம் போட்டுக்கொண்டே ஓடுவார், நடுவில் பொய்த்தடமும் போட்டு வைப்பார். வழி பிரிகிற இடத்தில் மாவால் ஒரு வட்டம் போட்டிருந்தால், இனி நீங்களே தேடிக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். மற்றவர்கள் மோப்பம் பிடித்துத் துரத்துவார்கள், தடம் கிடைத்தவன் "ஆன் ஆன்!" என்று கத்துவான். கடைசியில் எல்லோரும் மில் பப்பின் பின்புறத்தில் வளையமாக நின்று, யார் குறுக்கு வழியில் வந்தார்கள், யார் புது ஷூ போட்டு வந்தார்கள் என்று விசாரித்து, குற்றவாளியை ஐஸ் பாளத்தின் மேல் உட்காரவைத்து ஒரே மடக்கில் பீர் குடிக்க வைப்பார்கள். டாக்டரும் ஆலைத் தொழிலாளியும் பேங்க் மேனேஜரும் அந்த ஐஸில் ஒன்றுபோலத்தான் உட்கார்ந்து எழுந்திருக்க வேண்டும்.

டீனோ முயலாகப் போன அன்று மழை என்றால் அப்படியொரு மழை. பப்பின் தகரக் கூரைக்குக் கீழே கூட்டம் ஒதுங்கி நின்றது. தலைவர் மெர்வ் கடோகன் வானத்தைப் பார்த்தார், ஐஸ் பெட்டியைப் பார்த்தார். "இந்த மழையில எந்தப் பைத்தியக்காரன் ஓடுவான்? டீனோவும் நனைஞ்ச கோழியாட்டம் இப்ப வந்து நிப்பான் பாரு," என்று சொல்லி முதல் பாட்டிலைத் திறந்தார். ஒருவரும் ஓடவில்லை. பாட்டுப் பாடினார்கள், வளையம் போட்டார்கள், ஐஸ் கரைகிறவரை குடித்தார்கள். டீனோ வரவில்லை. பிறகு போலீஸ் தேடியது, ஓடையில் முதலை இருப்பதாக ஒருவர் சொன்னார், சவப்பெட்டி இல்லாமல் மாதா கோயிலில் பூசையும் நடந்தது. அடுத்த திங்கட்கிழமை அதே கோயில் படியில் ஒரு பிடி மாவு விழுந்தபோதுதான் எல்லோருக்கும் விஷயம் விளங்கியது. துரத்துகிற கூட்டம் ஓடி முடித்தால்தான் ஒரு தடம் முடியும். யாரும் ஓடாத தடத்துக்கு முடிவு எங்கே இருக்கும்?

விளங்கிய பிறகாவது ஓடியிருக்கலாமே என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். டவுன்ஸ்வில்லிலிருந்து வந்த பாரி என்பவனும் அப்படித்தான் கேட்டான். கேட்டதோடு நிற்காமல் அந்த மாவைத் தொடர்ந்து தனியாக ஓடியும் போனான். ஆறு வாரம் கழித்துப் பப்புக்குள் வந்து, "என்னடா, அதுக்குள்ள பீர் தீர்ந்துபோச்சா?" என்றான். அவனுக்கு அது அதே திங்கட்கிழமை. அவன் பெண்டாட்டி அதற்குள் அவனுக்காக அழுது முடித்திருந்தாள். அதற்குப் பிறகு அவன் எந்த ஷூ போட்டாலும், கோடையானாலும், உள்ளே மழைத்தண்ணீர் தளும்பிக்கொண்டே இருந்தது. ஈரக்கால் பாரி என்பது அவனுக்கு நிலைத்த பெயர். அவனைப் பார்த்த பிறகு அந்தத் தடத்தை மிதிக்க ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. மாவு விழுந்தால் சுற்றிப் போவார்கள், குழந்தைகளைத் தூக்கிக்கொள்வார்கள்.

டீனோ போனபோது நோலீனுக்கு ஏழு மாசம். பிறந்த பெண்ணுக்கு டெஸ் என்று பெயர் வைத்தாள். கூட்டத்தை விட்டு விலகாமல், பீர் வண்டியை ஓட்டுகிற வேலையைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். முழங்கால் சரியில்லை, ஓடமுடியாது என்று சொல்லுவாள். உண்மையில் அவளுக்குப் பயம். மாவு விழுகிற உயரத்தை அவள் மட்டும்தான் கவனித்து வந்தாள். முதலில் இடுப்பு உயரத்திலிருந்து தாராளமாக விழுந்த மாவு, வருஷம் போகப் போக முழங்கால் உயரத்துக்கு இறங்கியிருந்தது. ஏன் என்று அவள் யோசிக்க மறுத்துவிட்டாள்.

கூட்டத்தின் முப்பதாம் ஆண்டு விழாவுக்கு ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் நோலீன் வீட்டு வராந்தாவில் கமிட்டி கூடியது. போர்ட் மோர்ஸ்பியிலிருந்து இதே மாதிரி ஓடுகிறவர்களின் பட்டாளம் ஒன்று வருகிறது, கெய்ன்ஸிலிருந்து இரண்டு பஸ். பனியன் பச்சையா ஊதாவா என்று சண்டை நடந்து, ஊதா ஜெயித்தது. இறால் எத்தனை பெட்டி, ஐஸ் பாளம் யார் பொறுப்பு, போன விழாவில் பேண்ட் வாத்தியக்காரனை ஓடைக்குள் தள்ளியது யார் என்றெல்லாம் பேசி முடித்தார்கள். விழா ஓட்டத்துக்கு யார் முயல் என்ற கேள்வி வந்தபோது டெஸ் கையைத் தூக்கினாள். நோலீன் வேண்டாமென்று சொல்ல எழுந்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் மேஜை நடுவே, சாசேஜ் தட்டுக்கும் தக்காளி சாஸுக்கும் இடையில், மாவு விழுந்தது. ஒரு பிடி அல்ல. கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி வந்து, நிதானமாக ஒரு வட்டம் போட்டு முடித்தது.

யாரோ ஒருவருடைய பல் தந்தியடிப்பது கேட்டது. கூட்டத்தில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு, அதை மீறியவர் கிடையாது. ஒரு முயல் மாவு போட்டுவிட்டால் அந்த ஓட்டத்தின் தடம் அவனுடையது, அதன்மேல் இன்னொருவர் தடம் போடக்கூடாது. யார் முயல் என்ற கேள்விக்குப் பதிலாக விழுந்த மாவு அது, எனவே விழா ஓட்டம் டீனோவுடையதாகிவிட்டது. மெர்வ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "விழாவையே நிறுத்திரலாம்," என்றார்.

"எதுக்கு நிறுத்தணும்? எங்கப்பா போட்ட தடம். நான் ஓடப் போறேன்," என்றாள் டெஸ்.

"பாரி காலைப் பாத்தியாடி? நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன்மா. அவர் தனியாப் போனார். நாங்க எண்பது பேரு போறோம்."

"எண்பது பேரும் போய் அறுபது வருஷம் கழிச்சு வந்தீங்கன்னா? நான் எந்தக் கல்லறையில உக்காந்து உன்னை வரவேற்கிறது?"

"அப்ப நீயும் வாயேன்மா. ஓடிப் பாரு," என்றாள் மகள்.

விழாவுக்கு முந்திய வாரங்களில் நோலீன் செய்யாத காரியம் இல்லை. கமிட்டியிலிருந்து விலகுவதாக மிரட்டினாள், விலகவில்லை. டெஸ்ஸின் ஓட்ட ஷூவை ஃப்ரீஸரில் இறால் பெட்டிக்குக் கீழே ஒளித்துவைத்தாள். டெஸ் சிரித்துக்கொண்டே புது ஷூ வாங்கி வந்தாள். புது ஷூ போட்டு வந்தால் அதிலேயே பீர் ஊற்றிக் குடிக்க வேண்டும் என்பது தண்டனை. அதற்கும் தயார் என்றாள். சட்டைப்பையில் ஜெபமாலையோடு மெர்வ் நடமாட ஆரம்பித்தார், நாத்திகர் என்று ஊர் முழுக்க முப்பது வருஷமாகச் சொல்லித் திரிந்த மனிதர். பஸ்ஸில் வருவதாகச் சொன்னவர்களில் பாதிப்பேருக்குத் திடீரென்று கால் சுளுக்கிக்கொண்டது.

விழா நாளான திங்கட்கிழமை சொல்லிவைத்தாற்போல மழை வந்தது. அதே மழை. தகரக் கூரைக்குக் கீழே ஊதாப் பனியன்கள் நெருக்கியடித்து நின்றன. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை, எல்லோரும் பீர் வண்டியைப் பார்த்தார்கள். மோர்ஸ்பிக்காரர் ஒருவர், "இந்த மழையில என்னப்பா ஓட்டம்? திறங்க, குடிப்போம்," என்று எல்லோர் மனசிலும் இருந்ததைச் சொன்னார். மெர்வ் வாயைத் திறந்து மூடினார். முன்பு ஒரு தடவை அந்த வாய் பேசியது போதும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. சாவி நோலீன் கையில் இருந்தது. அவள் நினைத்ததை இங்கே மறைப்பதற்கு ஒன்றுமில்லை: ஒரே ஒரு பாட்டிலைத் திறந்தால் போதும், ஒருவரும் ஓடமாட்டார்கள், பெண் பத்திரமாக வீடு வந்து சேருவாள், டீனோ இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். வண்டிக் கதவைத் திறந்தாள். பாட்டிலை எடுத்தாள். மூடியைத் திருகத் தொடங்கினாள்.

அப்போது அவள் செருப்பின் மேல் மாவு விழுந்தது. பிடி இல்லை, ஒரு சிட்டிகை. கணுக்கால் உயரத்திலிருந்து. தவழ்ந்து வருகிறவன் கை எவ்வளவு உயரத்தில் இருக்குமோ அவ்வளவு. அடுத்த சிட்டிகை ஓட்ட வேகத்தில் விழவில்லை. அவள் காத்திருந்து, காத்திருந்து, பிறகுதான் ஒரு முழம் தள்ளி விழுந்தது. இத்தனை வருஷமாக யோசிக்க மறுத்தது நோலீனுக்கு ஒரு நொடியில் புரிந்துபோனது. அவனிடம் மாவும் தீர்ந்துவிட்டது, கால்களும் தீர்ந்துவிட்டன. பயம் போகவில்லை, சொல்லப்போனால் இரண்டு மடங்கானது. அவள் பாட்டிலை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டி, சாவியை ஓடைப்பக்கம் வீசி எறிந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு மழையில் இறங்கி, இருபத்தாறு வருஷமாகப் போடாத சத்தத்தைப் போட்டாள்: "ஆன் ஆன்!"

சாவி போன பிறகு கூரைக்குக் கீழே நிற்பதில் ஒரு பிரயோஜனமும் இல்லை. கூட்டம் பின்னால் ஓடியது. ஒருவர் பனியனை இன்னொருவர் பிடித்துக்கொண்டார்கள், முதல் நாள் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள்போல. கரும்பு தலைக்கு மேலே மூடிக்கொண்டது. போன வருஷம் வெட்டி ஆலைக்கு அனுப்பிய கரும்பு அங்கே வெட்டாமல் நின்றது. அதற்கு முந்திய வருஷத்துக் கரும்பு அதற்குப் பின்னால் நின்றது. புயல் அடித்துக்கொண்டு போன பள்ளிக்கூடம் முழுசாக, விளக்கு எரிய, உள்ளே யாருமில்லாமல் இருந்தது. செத்துப்போன நாய்கள் சில வாலை ஆட்டிக்கொண்டு கொஞ்ச தூரம் கூட வந்தன. மெர்வ் சத்தமாக அழுதுகொண்டே ஓடினார், யாரும் கிண்டல் செய்யவில்லை. வட்டம் வந்த இடத்திலெல்லாம் முன்னால் போனவர்கள் நின்று பின்னால் வருகிறவர்களுக்காகக் காத்திருந்தார்கள், ஏனென்றால் கூட்டத்தின் வழக்கம் அது. இல்லையென்றால் இருபத்தாறு வருஷம் ஓடாத நோலீனுக்கு அன்றைக்கே கதை முடிந்திருக்கும். டெஸ் அம்மாவின் கையை விடவே இல்லை. யார் யாரைப் பிடித்திருந்தார்கள் என்று இருவருக்குமே தெரியாது. பொய்த்தடம் ஒன்றுகூட இல்லை. முயல் எப்போதோ விளையாட்டை விட்டிருந்தான்.

கடைசியில் கரும்பு விலகியது. மாவு அங்கே முடிந்தது. எதிரே மில் பப்பின் பின்புறம் இருந்தது. ஐஸ் பாளத்துக்கு முன்னால், முழங்காலும் உள்ளங்கையும் தோல் உரிந்து, காலிப் பையோடு டீனோ சேற்றில் உட்கார்ந்திருந்தான். முப்பது வயசு. போன அன்று போட்டிருந்த அதே சட்டை. மழை விட்டிருந்தது.

"எங்கடா தொலைஞ்சீங்க எல்லாரும்?" என்றான். பிறகு தனக்கு மிகப் பக்கத்தில் மூச்சு வாங்கி நிற்கிற, நரைத்த தலைமயிர்ப் பெண்மணியைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "அம்மா, உங்களை எங்கயோ பாத்த மாதிரி இருக்கு. நோலீன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. அவ ஸ்கோன் மாவை எடுத்துட்டு வந்துட்டேன். ஏழு மாசம் அவளுக்கு, கோபப்படக் கூடாது."

"அவளுக்குத் தெரியும்," என்றாள் நோலீன். "அன்னைக்கே தெரியும்."

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான், பக்கத்தில் நிற்கிற பெண்ணைப் பார்த்தான், மறுபடியும் அவளைப் பார்த்தான். பையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கைகளையும் அவளிடம் நீட்டினான். நோலீன் தரையில் உட்கார்ந்து அவன் உள்ளங்கைச் சேற்றைத் தன் ஊதாப் பனியனால் துடைக்கத் தொடங்கினாள்.

வண்டிக் கதவைக் கடப்பாரையால் நெம்பித் திறந்தார்கள். வளையம் கூடியது. தடம் அளவுக்கு மீறி நீளம் என்ற குற்றத்துக்காக டீனோவும், முன்பு ஒருமுறை ஓடாமல் குடித்த குற்றத்துக்காக மெர்வும் அருகருகே ஐஸில் உட்கார்ந்து ஒரே மடக்கில் குடித்தார்கள். டெஸ் புது ஷூவில் ஊற்றிக் குடித்தாள். பாரி ஷூவைக் கழற்றிக் கவிழ்த்துப் பார்த்தான், ஒரு சொட்டும் விழவில்லை. டீனோ இப்போது ஆலையில் பாய்லர் பகுதியில் வேலை பார்க்கிறான். அவனையும் டெஸ்ஸையும் அண்ணன் தங்கை என்று நினைக்கும் வெளியூர்க்காரர்களை யாரும் திருத்துவதில்லை. திங்கட்கிழமைகளில் மழை எப்படிப் பெய்தாலும் மிர்ராபினில் கூட்டம் ஓடுகிறது, புயல் எச்சரிக்கை வந்தாலும் ஓடுகிறது. கடைசி ஆள் வந்து சேர்கிறவரை நோலீன் வண்டியைத் திறப்பதில்லை. டீனோ முயலாகப் போகிற நாட்களில் அவனுக்கு மாவு அவளே எடுத்துக் கொடுக்கிறாள், சாதா மாவு.