பாதி விலை ஸ்டிக்கர் ஒட்டிய பேரிக்காய்

1

இந்தக் கதை என்னுடையது இல்லை, என் தங்கையுடையது. ஒரு சூப்பர் மார்க்கெட்டின் பின்னறையில், அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே அவளை உட்கார வைத்து விசாரித்தார்கள். அவள் திருடவில்லை என்று தெரிந்த பிறகும் விடவில்லை. திருடியிருந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். இதற்கு என்ன செய்வது என்று தெரியவில்லை.

இதை எழுதட்டுமா என்று கேட்டேன்.

"எழுதுக்கா. ஆனா எனக்கே புரியலன்னு எழுதிடு," என்றாள்.

எழுதிவிட்டேன். இனி கதைக்குப் போகலாம். முதலில் இப்படித் தொடங்கினேன்:

பழுத்த பழத்துக்கும் அழுகிய பழத்துக்கும் நடுவில் ஒரு மாலைப்பொழுது இருக்கிறது. அந்த மாலையில்தான் ஏழைகள்

(வேண்டாம். என் தங்கை ஏழை இல்லை, பார்த்துச் செலவு செய்கிறவள். இரண்டும் ஒன்று என்று நினைக்கிறவர்கள்தான் இவ்வளவு அழகாக எழுதுவார்கள்.)

அடுத்து:

ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் மருமகளோடு வசித்துவந்தார். அவருடைய மகன்

(இங்கேயும் நின்றுவிட்டேன். மகன் என்று எழுதியதும் அவனைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தக் கதையில் அவனுக்கு இடம் கொடுக்க எனக்கு மனமில்லை. ஆனால் அவன் இல்லாமல் எதுவும் விளங்காது. ஒரே பத்தியில் முடித்துவிடுகிறேன்.)

2

அவன், அதாவது என் தங்கையின் கணவன், வேறு ஊரில் வேலை கிடைத்திருக்கிறது என்று சொல்லிப் போனான். வேலை கிடைத்தது உண்மை. அங்கே இன்னொருத்தியும் கிடைத்தாள். விவாகரத்துப் பத்திரத்தில் தங்கை கையெழுத்துப் போட்டபோது அவனுடைய அப்பா அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வெளியே வந்ததும் மகன் ஏறிய காரில் ஏறாமல் அவளோடு பஸ் ஏறி வீட்டுக்கு வந்தார். இங்கேயே இருங்கள் என்று அவள் சொல்லவில்லை. இருக்கட்டுமா என்று அவரும் கேட்கவில்லை.

அவ்வளவுதான். அவன் இனி வரமாட்டான்.

அதற்குப் பிறகுதான் மாமாவுக்கு அந்தப் பழக்கம் வந்தது. (நானும் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன்.) சூப்பர் மார்க்கெட்டில் சாயங்காலம் ஆனால் ஒரு பெண் கையில் ஸ்டிக்கர் மெஷினோடு வருவாள். மறுநாள் தாங்காத பழப் பெட்டிகளை எல்லாம் ஓரத்து அலமாரிக்குத் தள்ளி, டக் டக் என்று மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டுவாள். பாதி விலை. சில நாள் அதற்கும் கீழே. மாமா அந்த நேரத்துக்குச் சரியாகப் போய் நிற்பார். முட்டி மோத மாட்டார், அவசரப்பட மாட்டார். ஆனால் நல்ல பெட்டி அவர் கைக்குத்தான் வரும். ஆயுள் முழுக்க பஸ் நெரிசலில் நின்று வேலை பார்த்தவர் இல்லையா.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் வெட்டுவார். வாழைப்பழத்தை உரித்து வில்லை வில்லையாக. திராட்சையைக் காம்பு கிள்ளி, கழுவி, துணியில் உருட்டி ஈரம் போக. பேரிக்காயை நறுக்கி, கறுக்காமல் இருக்க எலுமிச்சைச் சாற்றில் முக்கி எடுத்து. தட்டில் ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் பரப்பி ஃப்ரீசரில் வைப்பார். கல் மாதிரி ஆனதும் வாங்கிவந்த பெட்டிகளிலேயே திரும்பப் போட்டு அடுக்குவார். பழையது முன்னால், புதியது பின்னால். இப்படிச் செய்ததில் அந்த வீட்டில் பழச் செலவு பாதிக்கும் கீழே போனது என்று தங்கை சொல்கிறாள். நானும் வீட்டில் முயன்று பார்த்தேன். என் திராட்சை மொத்தமும் ஒரே கட்டியாகிவிட்டது. துடைக்கப் பொறுமை இல்லை.

3

முதல் வரைவில் மாமாவைக் கஞ்சனாக எழுதியிருந்தேன். வாசகருக்குச் சுலபமாக இருக்கும், கொஞ்சம் சிரிக்கவும் செய்யலாம். தங்கை படித்துவிட்டுக் காகிதத்தைத் திருப்பித் தந்தாள்.

"அவரு கஞ்சன் இல்லக்கா. எனக்கு நல்லதா பாத்து வாங்கிக்கோன்னுதான் சொல்லுவாரு. முழு விலையில வாங்கினா எனக்கு வெட்டிக் குடுப்பாரு. அவரு ஒரு துண்டு தொட மாட்டாரு. அவருக்கு மட்டும்தான் மஞ்சள் ஸ்டிக்கர்."

"ஏன்?"

"கேட்டதில்ல."

"நீ ஏன் கேக்கல?"

"கேட்டா அவரு பதில் சொல்லிட்டார்னா?"

(இந்த இடத்தில் ஒரு கட்டுரையாளர் என்றால் கடன், மானம், உறவு என்று ஒரு பக்கம் எழுதுவார். நானும் எழுதினேன். படித்துப் பார்த்தபோது எல்லாம் சரியாக இருந்தது. அதனாலேயே அடித்துவிட்டேன். இவர்கள் இரண்டு பேரும் அவ்வளவு சரியாக இருக்கும் ஆட்கள் இல்லை.)

4

பிறகு மாமாவுக்கு முழங்கால் வீங்கியது. கடைக்குப் போவது நின்றது. உடம்பு இளைத்துக்கொண்டே போனது. டாக்டர் பழம் சாப்பிடச் சொன்னார். தங்கை மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவள். வேலை முடிந்து அவள் போய்ச் சேரும்போது ஓரத்து அலமாரி காலியாகியிருக்கும். மாமா ஃப்ரீசரில் இருப்பதை எடுத்து, உருகித் துவண்டுபோன துண்டுகளை ஸ்பூனால் தின்றுகொண்டிருந்தார். அதுவும் குறைந்துகொண்டு வந்தது.

ஃப்ரீசர் குளிரில் பழைய பெட்டிகளின் ஸ்டிக்கர் பசை விட்டுப்போய்க் கிழியாமல் கழன்று வருவதை அவள் ஒரு நாள் கவனித்தாள்.

அன்றிலிருந்து அவள் முழு விலை கொடுத்துப் புதுப் பழம் வாங்கி, வரும் வழியில் பழைய ஸ்டிக்கரை ஒட்டிக்கொண்டு வந்தாள். ஸ்டிக்கர்களை மெழுகுத் தாளில் ஒட்டி, ஒரு மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்திருந்தாள்.

"மஞ்சளா?" என்று மாமா கேட்பார்.

"மஞ்சள்தான் மாமா."

வாங்கிப் பார்ப்பார். தலையாட்டுவார். நாளைக்குள் கெட்டுவிடும் என்றுதானே ஸ்டிக்கர் சொல்கிறது. அதனால் ஒரு துண்டுகூட வாயில் போடாமல், புத்தம்புதிய பேரிக்காயை உடனே வெட்டி, எலுமிச்சையில் முக்கி, ஃப்ரீசரில் வைத்துவிடுவார். எடுத்துத் தின்பது முன்வரிசையில் இருக்கும் பழையதை மட்டும்தான்.

இது புதுசு, இப்பவே சாப்பிடுங்கள் என்று அவளால் சொல்ல முடியாது. சொன்னால் எல்லாம் போச்சு. முழு விலை கொடுத்து வாங்கிய பழம் கண்ணெதிரே கல்லாவதை அவள் தினமும் நின்று பார்த்தாள்.

(ஸ்டிக்கரில் தேதி இருக்குமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். கட்டைவிரலால் தேய்த்துவிடுவாளாம். "அவரு கண்ணுக்குத் தெரியாதா?" என்றேன். "அவரு கண்ணாடி நான் போட்டுக் குடுத்ததுக்கா. எறும்பு போனாக்கூடத் தெரியும்," என்றாள். "அப்ப தேய்ச்சது தெரிஞ்சிருக்குமே?" என்றேன். "அதான் எனக்கும் புரியல," என்றாள்.)

5

பிடிபட்ட நாள் மழை. பஸ் நிறுத்தத்தில் ஒட்ட முடியாது. பணம் கட்டும் இடத்தைத் தாண்டி, கதவோரத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்து கண்ணாடிக் கூட்டைத் திறந்தாள். செக்யூரிட்டி பார்த்துவிட்டார்.

பின்னறையில் மேனேஜர் அம்மா பில்லை வாங்கிப் பார்த்தார்.

"முழு விலை குடுத்திருக்கீங்க."

"ஆமா."

"குடுத்துட்டு, அப்புறம் பாதி விலை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கீங்க."

"ஆமா."

"எதுக்கு?"

"வீட்டுல காட்டுறதுக்கு."

மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். "செலவு பண்ணா வீட்டுல அடிப்பாங்களா?"

"ஐயோ, அதெல்லாம் இல்ல. சாப்பிட மாட்டாங்க."

"மேடம், இதுல ஏதோ இருக்கு," என்றார் செக்யூரிட்டி. "நாளைக்கு இதையே திருப்பிக் கொண்டுவந்து..." அதற்கு மேல் அவருக்கும் யோசனை ஓடவில்லை. பாதி விலை ஸ்டிக்கரோடு திருப்பிக் கொடுத்தால் பாதிப் பணம்தானே கிடைக்கும்.

ஸ்டிக்கர் கடையுடையது, வீட்டிலிருந்து யாராவது வந்து சொன்னால்தான் அனுப்புவோம் என்றார்கள். வேண்டாம் என்று கெஞ்சினாள். உறுப்பினர் அட்டையில் வீட்டு ஃபோன் நம்பர் இருந்தது, கூப்பிட்டார்கள். மாமாதான் எடுத்தார்.

நனைந்துகொண்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு வந்தார். கண்ணாடியைப் போட்டார். பில்லைப் படித்தார். பெட்டியைப் பார்த்தார். மெழுகுத் தாளில் வரிசையாக இருந்த ஸ்டிக்கர்களைப் பார்த்தார். தங்கை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டிக்கெட் எடுத்திருக்காங்க," என்றார் மேனேஜரிடம். "எடுத்த டிக்கெட்ட அவங்க காதுல சொருகிக்குவாங்க, கிழிச்சுப் போடுவாங்க. அதுக்காக எறக்கி விட முடியாதுங்க."

மேனேஜருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. பேரிக்காயைக் கொடுத்து அனுப்பிவிட்டார். ஸ்டிக்கர்களை வைத்துக்கொண்டார்.

6

பஸ் நிறுத்தத்தில் அவர்கள் பேசியதைத் தங்கை சொன்னபடியே எழுதுகிறேன். நான் மெருகேற்றிப் பார்த்தேன். கெட்டுப்போனது.

"திராட்சை ஸ்டிக்கர ஒரு தடவ பேரிக்காய்ல ஒட்டியிருந்த," என்றார் மாமா.

"பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"அப்ப தெரியும். தெரிஞ்சும் ஏன் மாமா வெட்டி வெட்டி உள்ள வச்சீங்க?"

"எனக்கும் கஷ்டமாத்தான் இருந்துச்சு. நல்ல பழம்."

"சாப்பிட்டிருக்கலாமே."

"சாப்பிட்டா தெரிஞ்சு சாப்பிட்ட மாதிரி ஆயிடும்மா."

மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. அவர்தான் மறுபடி பேசினார்.

"நான் இப்ப உனக்கு யாரு? சட்டப்படி ஒண்ணும் இல்ல. எதுக்கு இதெல்லாம் பண்ற?"

"தெரியல மாமா."

"யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சுட்டேன். தெரியல."

பஸ் வந்தது. ஏறினார்கள். அவளுக்கும் சேர்த்து அவரே டிக்கெட் எடுத்தார்.

7

முடிவுக்கு வந்துவிட்டோம். என்னிடம் இரண்டு இருந்தன.

முதல் முடிவு: வீட்டுக்கு வந்ததும் மாமா ஒரு பேரிக்காயைத் துடைத்துக் கடித்தார். சாறு வழிந்தது. இருவரும்

(எழுதும்போதே எனக்குக் கூச்சமாக இருந்தது.)

இரண்டாவது முடிவு: மறுநாள் காலையில் அவருடைய துணிப் பெட்டி அறையில் இல்லை. மேசைமேல்

(இல்லை. இப்படி எழுதினால் என் தங்கை என்னோடு பேச மாட்டாள்.)

உண்மையில் அன்றிரவு என்ன நடந்தது என்று அவளிடம் கேட்டேன். ஒன்றும் நடக்கவில்லையாம். பேரிக்காய் பையோடு மேசையில் இருந்ததாம். அவர் வெட்டவும் இல்லை, உள்ளே வைக்கவும் இல்லை. அவளும் தொடவில்லை. இரண்டு பேரும் அதைச் சுற்றிக்கொண்டு போய் வந்தார்கள். இப்படியே விட்டால் வீணாகிவிடுமே என்று எனக்குத்தான் பதறியது. நேரில் போனேன்.

தங்கை இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. மாமாதான் கதவைத் திறந்தார். இன்னும் இளைத்திருந்தார். என்னைச் சமையலறைக்குக் கூட்டிப் போய் முக்காலியில் உட்காரச் சொன்னார்.

"இதைக் கதையா எழுதுறியாமே."

"ஆமா மாமா. உங்களுக்குக் கோபமா?"

"கோபம் எதுக்கு." மேசையில் இருந்த பையைப் பார்த்தார். காய் மஞ்சளாகி, காம்புப் பக்கம் லேசாகக் கனிந்திருந்தது. வாசனை வந்தது. "அதுல நான் சாப்பிடுறேனா?"

அவர் கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"இன்னும் அது வரைக்கும் எழுதல மாமா."

"நல்லா யோசிச்சு எழுதும்மா. எனக்கு ரெண்டுமே சரியாப் படுது, ரெண்டுமே தப்பாப் படுது. தின்னா அவ சம்பாத்தியத்துல உக்காந்து திங்கறேன். திங்கலன்னா அவ மூஞ்சியில அடிக்கறேன்."

"அவகிட்டயே இதைச் சொல்லலாமே."

"சொன்னா அவளும் தெரியலம்பா."

வாசலில் செருப்பு கழற்றும் சத்தம் கேட்டது. தங்கை உள்ளே வந்தாள். என்னைக் கண்டதும் கொஞ்சம் திகைத்தாள், பிறகு மாமாவைப் பார்த்தாள். மாமா கத்தியும் பலகையும் எடுத்து மேசையில் வைத்திருந்தார். எப்போது எடுத்தார் என்று நான் கவனிக்கவில்லை. பேரிக்காயை நான்காக வெட்டினார். விதையை எடுத்தார். எலுமிச்சை எடுக்கவில்லை. தட்டில் பரப்பவும் இல்லை. வெட்டியவர் அப்படியே கையை மேசைமேல் வைத்துக்கொண்டு நின்றார்.

வெட்டிய பேரிக்காய் சீக்கிரம் கறுத்துவிடும்.

தங்கை என்னைப் பார்த்தாள். "என்னக்கா எழுதியிருக்க?"

மாமாவும் என்னைத்தான் பார்த்தார்.

நான் எழுதுகிறவள் என்பதால் எனக்குத் தெரிந்திருக்கும் என்று இருவரும் நம்புகிறார்கள். துண்டுகளின் ஓரம் நிறம் மாறத் தொடங்குகிறது. நான் உங்களைப் பார்க்கிறேன்.