ஏசிய நிறுத்து, பாலம் வருது

பாடி மேம்பாலத்தின் அடிவாரத்துக்கு வந்ததும் சிவராமன் குரல் கொடுப்பான்.

“மாமே, ஏசிய நிறுத்து! பாலம் வருது!”

துலுக்கானம் ஏசியை நிறுத்துவான். பின்சீட்டில் ரேகா காதில் செருகியிருக்கும் இயர்போனைப் பிடுங்கிவிடுவாள். அவள் பக்கத்தில் பஞ்சவர்ணம் மடியிலிருக்கும் சாப்பாட்டுப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “முருகா, இன்னிக்கும் ஏத்தி வுட்டுடு” என்பாள். பிறகு நாலு பேரும் ஒன்றுபோல முன்னால் சாய்வார்கள், என்னமோ அவர்கள் சாய்ந்தால்தான் வண்டி நகரும் என்பதைப்போல. அந்தச் சின்னக் கார் இரண்டாவது கியரில் முக்கி முனகி, பின்னால் வரும் லாரிக்காரன் ஹாரனையெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டு ஏறும். உச்சிக்கு வந்ததும் சிவராமன், “பொழச்சோம்டா சாமி!” என்று கைதட்டுவான். எல்லாரும் சிரிப்பார்கள். இரண்டு வருடமாக அதே பாலம், அதே பேச்சு, அதே சிரிப்பு. ஒரு நாளும் அலுத்ததில்லை.

துலுக்கானம் பாலத்துக்கு அப்பால் லாரிகளுக்கு இரும்புச் சட்டம் செய்கிற ஒரு கம்பெனியில் வெல்டர். வயது ஐம்பத்து நான்கு. வீடு நெமிலிச்சேரியில். மனைவி முத்தம்மாள் போய்ச் சேர்ந்து மூன்று வருடமாகிறது. மகள் ஓசூரில் வாக்கப்பட்டிருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவாள். மற்ற நாளெல்லாம் அந்த வீட்டில் சத்தம் என்றால் குக்கர் விசில் அடித்தால் உண்டு, இல்லையென்றால் அதுவும் இல்லை. கம்பெனியிலோ முகமூடியைக் கவிழ்த்தால் எட்டு மணி நேரம் நெருப்பைத் தவிர எதுவும் தெரியாது. கிரைண்டர் போடும் கூச்சலில் யார் பேசினாலும் காதில் விழாது. ஆக அவனுக்கு ஒரு நாளில் மனிதப் பேச்சு என்பது அந்தக் காரில் போகும் ஒரு மணி நேரமும் திரும்பி வரும் ஒரு மணி நேரமும்தான். பட்டாபிராமில் பஞ்சவர்ணம் ஏறுவாள், கம்பெனி கேன்டீனில் வேலை. திருமுல்லைவாயலில் சிவராமன், ஸ்டோர்ஸ். அம்பத்தூர் ஓ.டி.யில் ரேகா, செக்கிங் பிரிவில் சேர்ந்து இரண்டு வருடமான சின்னப் பெண்.

ஐப்பசியில் ஒரு காலை நல்ல மழை. பாலத்தின் நடுவில் வண்டி இருமியது, நின்றே போனது. பின்னால் ஒரு டேங்கர் அலறியது. துலுக்கானம் வாய் திறப்பதற்குள் மூன்று பேரும் இறங்கித் தள்ளத் தொடங்கிவிட்டார்கள். கண்ணாடியில் பார்த்தான். பஞ்சவர்ணம் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தலையெல்லாம் நனைந்து, பல்லைக் கடித்துத் தள்ளிக்கொண்டிருந்தாள். உச்சி தாண்டி வண்டி உருண்டபோது ஓடிவந்து ஏறினார்கள். சிவராமனின் ஒரு செருப்பு பாலத்திலேயே போய்விட்டது.

“ஒத்தக் கால் செருப்போட போனா செக்யூரிட்டி உள்ள வுடுவானா மாமே?”

“அர சம்பளம் போட்டு வுடுவாங்க அங்கிள்” என்றாள் ரேகா.

கம்பெனி வாசல் வரைக்கும் மூன்று பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். துலுக்கானத்துக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. மானம் போனதுபோல் இருந்தது. அன்றைக்குச் சாயங்காலமே அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். அடுத்த மாதத்திலிருந்து பட்டாபிராமிலிருந்து கம்பெனி வேன்.

சிவராமன் உரக்கப் படித்தான். “ஏசி வேன் வுடறாங்களாம் மாமே! இனிமே உன் வண்டிக்கு வி.ஆர்.எஸ். தான்!”

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். துலுக்கானத்துக்கு அது நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. வண்டி இழுக்கவில்லை, அதனால் இவர்கள் போய்விடுவார்கள். வண்டி இழுத்தால் போகமாட்டார்கள். கணக்கு அவ்வளவுதான் என்று நினைத்தான்.

புது வண்டி வாங்க வக்கில்லை. மேனாம்பேட்டில் தினகரன் என்றொரு மெக்கானிக் இருந்தான். பையன்களின் கார்களை உறும வைத்துக் கொடுப்பதில் பேர் வாங்கியவன். அவனிடம் போனான். தினகரன் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

“இன்னா அண்ணாத்தே, பாலம் ஏறணும், அவ்ளோதானே? டர்போ போட்டுடலாம்.”

“அதெல்லாம் பணக்காரன் சமாச்சாரம்டா.”

“முழு செட்டா கிட்டு வாங்குனாதான் பணக்காரன். நாம இன்னாத்துக்கு வாங்கணும்? புதுப்பேட்டையில ஒடைச்ச டீசல் வண்டி டர்போ கெடைக்குது, சின்ன சைசு. புகையா வீணாப் போற காத்து இருக்குது பாரு, அது ஒரு விசிறியச் சுத்தும். அந்த விசிறி இன்னொரு பக்கம் நல்ல காத்த இஞ்சினுக்குள்ள தள்ளும். இஞ்சின் தம் கட்டி இழுக்கும். சைலன்சர் பக்கத்துல பைப்பு வேலதான் செலவு. அதுக்கு நீயே வெல்டரு, எவனாண்ட கை ஏந்தணும்?”

“இஞ்சின் தாங்குமா?”

“கம்மியா காத்து குடுத்தா தாங்கும். ஆசப்பட்டு ஏத்துனா பிஸ்டன் ஓட்டையாப் பூடும். தெனம் ஓட்டுற வண்டி, நான் அளவாத்தான் வெப்பேன். இன்னொண்ணு நைனா, இது ஆர்.டி.ஓ. கண்ணுல பட்டா பேஜாரு. பானெட்ட எவனாண்டயும் தொறந்து காட்டிகினு நிக்காத.”

மொட்டைமாடிக்கு ஓடு பதிக்க வைத்திருந்த பணம் இருந்தது. மாடிக்குப் போய் உட்கார வீட்டில் யார் இருக்கிறார்கள்? எடுத்துக் கொடுத்தான்.

மூன்று பேரிடமும் விஷயத்தைச் சொல்லவில்லை. பாலத்தில் ஏசியோடு வண்டி பறக்கும்போது அவர்கள் வாய் பிளப்பதைப் பார்க்க வேண்டும் என்று ஒரு ஆசை. “வண்டி ஒர்க்‌ஷாப்புல கீது, பத்து நாள்ல வந்துடும்” என்று மட்டும் சொன்னான்.

“அதுவரிக்கும் வேன்ல போறோம். உன் பேரையும் குடுக்கட்டா?” என்று கேட்டான் சிவராமன்.

“எனக்கு இன்னாத்துக்கு? என்னாண்ட வண்டி கீதே.”

பத்து நாள் இருபத்தாறு நாள் ஆனது. காலையில் ரயிலேறி வில்லிவாக்கத்தில் இறங்கி வேலைக்குப் போனான். சாயங்காலம் அம்பத்தூரில் இறங்கி மேனாம்பேட்டுக்கு நடந்தான். பைப்பு வளைவுகளை வெட்டிப் பொருத்தி, இஞ்சினிலிருந்து டர்போவுக்குப் புகை போகும் வழியைத் தானே பற்றவைத்தான். முப்பது வருடத்தில் எத்தனையோ லாரிச் சட்டம் பற்றவைத்த கை, அதில் ஒன்றுகூட அவனுடையதில்லை. இதை மட்டும் தனக்காக, மெதுவாக, மூச்சைப் பிடித்துச் செய்தான். முதல் தடவை ஓட்டிப் பார்த்தபோது சூடு தாங்காமல் தையல் விட்டதுபோல் விரிந்துவிட்டது. கழற்றி, தடித்த பைப்பு வாங்கி மறுபடி செய்தான். ஆயிலுக்கு ஒரு குழாய் போக, ஒரு குழாய் வர. முன்பக்கம் காற்றைக் குளிரவைக்க பழைய ரேடியேட்டர் மாதிரி ஒன்று. பெட்ரோல் அளவைத் திருத்த ஒரு சின்னப் பெட்டி. ரேகா ஒரு தடவை போன் செய்து, “வண்டி எப்ப அங்கிள் வரும்?” என்று கேட்டாள். அப்புறம் கேட்கவில்லை.

வண்டியைக் கையில் கொடுத்தபோது தினகரன் ஒரு பாடம் சொன்னான்.

“போய் நிறுத்துன ஒடனே ஆஃப் பண்ணிடாத. ஒரு நிமிஷம் சும்மா ஓடட்டும். டர்போ சூடு ஆறணும், இல்லாங்காட்டி ஆயில் உள்ளயே தீஞ்சிடும். அவசரப்பட்டு எறங்கி ஓடாத, இன்னா?”

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நெமிலிச்சேரி வெளிவட்டச் சாலையில் ஏற்றிப் பார்த்தான். மூன்றாவது கியரில் மிதித்ததும் முதலில் ஒன்றுமில்லை. பிறகு எங்கோ தொலைவில் விசில் ஊதுவதுபோல் ஒரு சத்தம் எழுந்தது. யாரோ பின்னாலிருந்து இரண்டு கையையும் வைத்துத் தள்ளியதுபோல் வண்டி பாய்ந்தது. காலை எடுத்தபோது ‘உஸ்ஸ்’ என்று பெருமூச்சு விட்டது. துலுக்கானம் வாய்விட்டுச் சிரித்துவிட்டான். “பாத்தியா சிவா!” என்று பக்கத்துச் சீட்டைத் திரும்பிப் பார்த்தான். சீட்டில் துணிப்பைதான் கிடந்தது.

திங்கட்கிழமை மூன்று பேரும் வந்தார்கள். அவன் முந்தின நாளே ஒவ்வொருவருக்கும் போன் பண்ணி அழைத்திருந்தான். பஞ்சவர்ணம் ஏறும்போதே, “வேன் டிரைவராண்ட இன்னிக்கி வரலன்னு சொல்லிட்டேண்ணா, கோச்சிகினாரு” என்றாள். சிவராமன் ஏறியதும், வேனில் வரும் ஒருத்தன், மணலியிலிருந்து பட்டாபிராமுக்குக் குடிவந்தவன், சொன்ன கதையைச் சொன்னான். பஞ்சவர்ணம் அதற்குச் சிரித்தாள். ரேகாவும் சிரித்தாள். அந்த மணலி ஆள் யாரென்று துலுக்கானத்துக்குத் தெரியாது. அவனும் சேர்ந்து சிரித்துவைத்தான்.

பாலம் வந்தது. சிவராமனின் கை பழக்கத்தில் உயர்ந்தது.

“மாமே, ஏசிய...”

“தேவையில்ல” என்றான் துலுக்கானம். குரலில் ஒரு குறும்பு. “சும்மா குந்து.”

மிதித்தான். விசில் எழுந்தது. முன்னால் பாதி சாய்ந்திருந்த சிவராமனின் முதுகு சீட்டில் போய் ஒட்டிக்கொண்டது. மூன்றாவது கியரில், ஏசியோடு, நாலு பேர் பாரத்தோடு வண்டி பாலத்தில் வழுக்கிக்கொண்டு ஏறியது. ஒரு லாரியைத் தாண்டியது. எந்த ஹாரனும் இல்லை. முருகனைக் கூப்பிட பஞ்சவர்ணம் வாயைத் திறப்பதற்குள் உச்சி போய்விட்டது. ரேகா இயர்போனை எடுக்கவேயில்லை. அவள் கண் மொபைலில் இருந்தது.

பஞ்சவர்ணம் இறுக்கிப் பிடித்திருந்த சாப்பாட்டுப் பையைத் தளர்த்தினாள்.

“சோக்கா கீது மாமே” என்றான் சிவராமன், பிறகு ஜன்னலைப் பார்த்தான். “வண்டிய இன்னா பண்ண?”

சொன்னான். டர்போ, புதுப்பேட்டை, இரண்டு தடவை பற்றவைத்தது எல்லாம் துலுக்கானம் சொன்னான். சொல்லிக்கொண்டே இருக்கும்போது கம்பெனி வாசல் வந்துவிட்டது. முன்பெல்லாம் பாலத்தைப் பற்றிப் பேசியே கால்மணி நேரம் போகும்.

இறங்கினார்கள். தினமும் நாலு பேரும் சேர்ந்து நடந்து போய்த்தான் கைரேகை வைப்பார்கள். துலுக்கானம் சாவியில் கை வைத்தான், தினகரன் சொன்னது ஞாபகம் வந்தது. ஒரு நிமிடம்.

“நீங்க போங்க, வந்துடறேன். இது ஆறணும்.”

அவர்கள் போனார்கள். இஞ்சின் மெல்ல ஓடிக்கொண்டிருந்தது. பஞ்சவர்ணம் ஏதோ சொல்ல, சிவராமன் ஒற்றைக்காலில் நொண்டிக் காட்டினான். செருப்புக் கதையாகத்தான் இருக்க வேண்டும். மூன்று பேரும் கேட்டுக்குள் மறைந்தார்கள். ஒரு நிமிடம் இத்தனை நீளம் என்று அவனுக்கு அன்றுதான் தெரிந்தது.

மறுநாள் காலையில் பஞ்சவர்ணம் போன் பண்ணினாள்.

“அண்ணா, தப்பா நெனைக்காத. வேன் எங்க தெரு மொனைக்கே வந்துடுது. மெயின் ரோட்டு வரிக்கும் நடந்தா முட்டி வலிக்குதுண்ணா.”

சிவராமனுக்கு வேனில் ஜன்னல் சீட்டு. “வேற எவனும் அதுல குந்தமாட்டான் மாமே, என் பேரே எழுதி வெச்சிட்டானுங்க. ஒரு நாள் வுட்டா பூடும்.” ரேகாவுக்குச் செக்கிங் பெண்கள் எல்லாரும் அதில்தான். யாரும் கோபமாகச் சொல்லவில்லை. எல்லாருக்கும் காரணம் இருந்தது. வண்டி இழுக்கவில்லை என்பது மட்டும் யாருக்கும் காரணமாக இல்லை. எப்போதும் இருந்ததில்லை. அதுதான் அவனுக்கு உறைத்தது.

“வேன்ல எடம் கீதா சிவா?” என்று கேட்டுப் பார்த்தான்.

“பதினாலு சீட்டும் ஃபுல்லு மாமே. அப்பவே கேட்டேன்ல?”

அதற்கப்புறம் தனியாகத்தான் போனான். பட்டாபிராம், திருமுல்லைவாயல், அம்பத்தூர் ஓ.டி. என்று ஒவ்வொரு இடத்திலும் கால் தானாகப் பிரேக்கைத் தேடும். பிறகு வண்டி நிற்காமல் போய்விடும்.

கார்த்திகையில் ஒரு காலை. பாடிப் பாலத்தின் அடிவாரத்துக்கு வந்தபோது துலுக்கானம் கையை நீட்டி ஏசியை நிறுத்தினான். எதற்கு என்று அவனைக் கேட்டால் சொல்லத் தெரியாது. ஜன்னலை இறக்கினான். இரண்டாவது கியருக்கு மாற்றி, டர்போ எழாத அளவுக்கு மெல்ல மிதித்தான். வண்டி பழையபடி முக்கிக்கொண்டு ஏறியது. அவன் ஸ்டீயரிங் மேல் முன்னால் சாய்ந்தான்.

பின்னால் ஹாரன் அடித்தார்கள். மறுபடி அடித்தார்கள். பிறகு ஒரு வெள்ளை வேன் வலப்பக்கமாக ஒதுங்கி அவனைத் தாண்டியது. கம்பெனி வேன்.

கண்ணாடிக்குப் பின்னால் ஜன்னல் சீட்டில் சிவராமன் தெரிந்தான். அவன் வெளியே பார்க்கவில்லை. உள்ளே திரும்பி, இரண்டு கையையும் நீட்டி, உடம்பு முழுக்க முன்னால் சாய்ந்து, வாயை உப்பி எதையோ தள்ளுவதுபோல் நடித்துக் காட்டிக்கொண்டிருந்தான். வேன் முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தது. பஞ்சவர்ணம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் பக்கத்தில் தடியான ஒரு ஆள் முழங்காலைத் தட்டித் தட்டிச் சிரித்தான். அந்த மணலி ஆளாக இருக்கும்.

காலை ஒரு அங்குலம் அழுத்தினால் போதும், உச்சிக்கு முன்னாலேயே வேனைத் தாண்டிவிடலாம். துலுக்கானத்தின் கால் அழுத்தவில்லை. வேன் உச்சியில் ஏறி அந்தப் பக்கம் இறங்கி மறைந்தது. அவன் வண்டி முனகிக்கொண்டே ஏறியது.

உச்சிக்கு வந்ததும், “பொழச்சோம்டா சாமி” என்றான். கைதட்டவில்லை, ஒரு கை ஸ்டீயரிங்கில் இருந்தது.

கம்பெனி வாசலில் நிறுத்தினான். அன்றைக்கு டர்போ வேலையே செய்யவில்லை, ஆற வேண்டிய சூடும் பெரிதாக இல்லை. இருந்தாலும் சாவியைத் திருகாமல், ஒரு நிமிடம் உட்கார்ந்திருந்தான்.