நோட்டுப் பெண்ணின் முக்காடு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நான்காம் வருஷம் புக்கரெஸ்டில், ஐந்நூறு லேய் நோட்டுக்காகச் செதுக்கிய எஃகுத் தகட்டில் வெறுந்தலையாக இருந்த பெண், செவ்வாய்க்கிழமை காலை முக்காடு போட்டுக்கொண்டாள். அன்று முட்டைக்கோஸ் விலை கொஞ்சம் இறங்கியிருந்தது.

செதுக்கியவர் லியோன்டின். அச்சக வாசலில் பால் விற்கும் சாஃப்தாவை ஒன்பது நாள் உட்காரவைத்து வரைந்தார். கல்யாணமானவள், வெள்ளை முக்காட்டோடுதான் உட்கார்ந்தாள். படத்தைப் பார்த்த மேலாளர் பந்தேலே, "முகம் பரவாயில்லப்பா, துணியை எடு. பின்னல் தெரியணும். தூமித்ரு திருநாளுக்குள்ள தகடு வரலேன்னா வேலை பாரிஸுக்குப் போயிடும், நீ வீட்டுக்குப் போயிடலாம்" என்றார். கல்யாணமானவளின் கூந்தலைப் புருஷன்தான் பார்க்கலாம் என்பது லியோன்டினுக்கும் தெரியும். படத்துக்கும் அந்தக் கட்டுப்பாடு உண்டென்று அவருக்குத் தோன்றவில்லை. பார்க்காத கூந்தலை ஊகத்தில் செதுக்கினார்.

முக்காட்டைச் சுரண்டி எடுத்தார். மறுநாள் அது கரையோடு வந்தது. மறுபடி சுரண்டினார், பூவேலையோடு வந்தது. தகடு குழிந்துவிட்டது, இன்னொரு முறை தாங்காது. திருநாளுக்கு இரண்டே நாள். அப்போதுதான் சாஃப்தா பால் பாத்திரத்தை இறக்கிவைத்துவிட்டு உள்ளே வந்தாள்.

"ஏன் சாமி, என் தலையில என்ன பண்றீங்க? மூணு நாளா முக்காட்டுக்குள்ள காத்தடிக்குது. யாருக்குடி தலையைக் காட்டினேன்னு எங்க வீட்டுக்காரர் நஸ்தாசே கேக்கறாரு."

"உன் தலையை நான் பாத்ததே இல்லையேம்மா."

"அதான் ஒத்தப் பின்னலா போட்டுட்டீங்க. எனக்கு ரெண்டு. ஊர் பூரா கைமாறப்போற காகிதம், அதுல என்னை இப்படி நிறுத்தலாமா?"

லியோன்டின் சுரண்டியைக் கீழே வைத்தார். தகட்டைத் தூக்கிக்கொண்டு பந்தேலேவிடம் போய், "வேலை போனாலும் சரி, இனி இதுல கை வைக்கமாட்டேன்" என்றார். "கொண்டா, நான் எடுக்கறேன்" என்று பந்தேலே தன் மேஜையிலிருந்த ஒரு சுரண்டியை எடுத்து ஓங்கினார். அதற்குள் முக்காட்டில் இன்னொரு வரிசைப் பூ கோடு கோடாக ஏறியது, மனுஷக் கையால் ஆகாத நுணுக்கம். பூதக்கண்ணாடி வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"கள்ள நோட்டு அடிக்கறவன் செத்தான்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

வசந்தத்தில் நோட்டு வெளிவந்தது. கன்றை விற்ற நஸ்தாசே, எல்லாரும் செய்வதுபோல, நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மற்றவர்களுக்கு அதன் நீர்க்குறியில் கோதுமைக் கதிர் தெரிந்தது. அவருக்கு இரண்டு பின்னல் தெரிந்தது.

"நல்ல நோட்டுதானே அண்ணே?" என்றான் கன்று வாங்கியவன்.

"நல்லதுதான்" என்று மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். அந்த நோட்டு செல்லாமல் போகும்வரை எல்லா ஐந்நூறிலும் அப்படித்தான் தெரிந்தது. பின்னலில் நரை விழுந்தபோதுகூட அவர் யாரிடமும் சொல்லவில்லை.