ஐம்பத்துமூன்றுக்கு ஓய்வு

அக்டோபர் மாதத்து ஞாயிறு ஒன்றில் வீலர்டன் மில்மென் அணி ஐம்பத்துமூன்றாம் எண் சட்டைக்கு ஓய்வு கொடுத்தது. மறுநாள் காலையிலிருந்து வீலர்டன் ஊரில் ஐம்பத்துமூன்று இல்லை. மேப்பிள் தெருவில் ஐம்பத்தொன்றாம் வீட்டுச் சுவர் ஐம்பத்தைந்தாம் வீட்டுச் சுவரை ஒட்டிக்கொண்டது. நடுவில் குடியிருந்தவர்கள் மைத்துனி வீட்டுக்குப் போனார்கள். தேவாலயக் கடிகாரம் ஒவ்வொரு மணியிலும் ஒரு நிமிடத்தைத் தாவியது. ஐம்பத்திரண்டு வயதைத் தாண்டப்போகிறவர்கள் ஒஹையோ ஆற்றைக் கடந்து மேற்கு வர்ஜீனியாவில் ஒரு வருஷம் வாடகைக்கு இருந்து, ஐம்பத்துநாலாகத் திரும்பினார்கள். அக்கரையில் வாடகை ஏறியது. வேறு குறை இல்லை.

சட்டை ஆரின் ஹாவ்லிக்குடையது. அமெரிக்கக் கால்பந்தில் பந்தோடு ஓடி வருகிறவனைத் தோளால் இடித்துச் சாய்ப்பது அவன் வேலை. பதினோரு வருஷம் சாய்த்தான். சிறந்த தடுப்பாட்டக்காரன் விருதை இரண்டு முறை வாங்கினான்; அந்தக் கோப்பைகள் கார் ஷெட்டில் சும்மா கிடந்தன, யாருக்கும் தொந்தரவில்லை. நாற்பது வயதில், மனைவி நெட்ரா பக்கத்தில் நிற்க, மைதானத்துச் சுவரில் அவன் எண்ணை ஏற்றினார்கள். இனி எவனும் இதைப் போடக்கூடாது என்று ஒலிபெருக்கி சொன்னபோது அழுதான். அந்த ‘எவனும்’ தன்னையும் சேர்த்துத்தான் என்பது பன்னிரண்டு வருஷம் கழித்துத் தெரிந்தது.

இருவருக்கும் ஒரே வயது. சேர்ந்துதான் அக்கரைக்குப் போய் ஒரு மாடி அறையில் தங்கினார்கள். மார்ச்சில் நெட்ராவுக்கு ஐம்பத்துமூன்று ஆனது. மே மாதம் ஆரினின் பிறந்தநாள் வந்தது, போனது. அவன் ஐம்பத்திரண்டிலேயே நின்றான். ஓட்டுநர் உரிமத்தில் அவன் பிறந்த வருஷம் தானாக ஒன்று கூடியது. எண் அவன்மேலேயே இருந்ததால் ஆற்றைக் கடந்தும் அதன் தடை அவனை விடவில்லை. அவள் ஐம்பத்துநாலாகத் திரும்பினாள். அவன் போனபடியே திரும்பினான், அதே இடது முழங்கால் வலியோடு, பாதி சொத்தையான அதே பல்லோடு. மதுக்கடையில் பழைய கூட்டாளிகள், “உனக்கென்னப்பா, எங்களுக்கு வருஷா வருஷம் புது வலி. உனக்குப் பழகின வலி” என்றார்கள்.

அவனுக்கு வேண்டியது ஒன்றுதான், நெட்ராவோடு சேர்ந்து கிழவனாவது. எண்ணைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்படி அணியிடம் கேட்டான். கொடுத்த மரியாதையைப் பறிக்கும் வழக்கம் இல்லை என்று மேலாளர் அன்பாகச் சொல்லிக் காப்பி கொடுத்தார். வேறொருவன் அதைப் போட்டால் கழன்றுவிடும் என்று நம்பி, கோடைப் பயிற்சி முகாம்தோறும் சட்டையைக் காகிதப் பையில் எடுத்துப் போனான். புதுப் பையன்கள் தொப்பியைக் கழற்றிவிட்டு மறுத்தார்கள். மிசிசிப்பியிலிருந்து வந்த டேவியன் மட்டும் சட்டையை விரித்துப் பார்த்தான்.

“ஒரே ஒரு தடவை போடு தம்பி. யாரும் பாக்கல.”

“உங்க நம்பரைப் போட்டேன்னு தெரிஞ்சா எங்கம்மா வீட்டுக்குள்ள விட மாட்டாங்க சார். இந்தப் பந்துல கையெழுத்து மட்டும் போட்டுக் குடுங்க.”

ஆரின் போட்டுக் கொடுத்தான். பெயருக்குக் கீழே எண்ணையும் எழுதினான்; ஊரில் அவன் பேனா மட்டும்தான் அதை எழுதும்.

நெட்ராவுக்கு அறுபதானது, எழுபதானது. பேக்கரியில் அவளுக்கு முதியோர் தள்ளுபடி. அவனிடம் முழு விலை. போகிற இடமெல்லாம் “நான் புருஷன்” என்று விளக்கிக்கொண்டிருந்தான். எழுபத்தெட்டில் அவள் பனியில் வழுக்கி இடுப்பை உடைத்துக்கொண்டாள். மருத்துவமனை வரவேற்பில் ஊருக்குப் புதியவளான ஒரு பெண் படிவத்தோடு நின்றாள்.

“நீங்க மகனா?”

அவன் வாயைத் திறப்பதற்குள் நெட்ரா படுத்தபடியே சொன்னாள்: “ஆமா, மகன்தான். சீக்கிரம் எழுதும்மா, உசுரு போகுது. ஆரின், கையெழுத்தப் போடு.”

அவன் அவளைப் பார்த்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். போட்டான். குடும்பப் பெயர் ஒன்றுதான் என்பதால் யாரும் மேலே எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் சூப் கொண்டுவந்தான். பக்கத்துக் கட்டில்காரி, இப்படியொரு பிள்ளை கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்றாள்.

“சின்ன வயசுல ரொம்பப் படுத்தினான்,” என்றாள் நெட்ரா. “இப்பப் பரவால்ல.”

ஆரின் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சூப்பை ஊதி ஆற்றினான்.