அனார்குல் பிடித்த பிழை

நாரின் நகரில் ஆசிரியர் பயிற்சிக்குச் சேர்ந்தபோது அனார்குலுக்கு முப்பத்தெட்டு வயது. கூடப் படித்தவர்களுக்குப் பதினெட்டு, பத்தொன்பது. மற்ற பாடங்களில் குறை சொல்ல முடியாது. கணக்கு என்றால் மட்டும் பயம். சின்ன வயதில் பள்ளியில் சந்தேகம் கேட்க எழுந்தவளை வகுப்பே சிரித்து உட்கார வைத்திருந்தது.

கணக்கு வாத்தியார் மெதெர்பெக் பாடத்தை வீடியோவாக எடுத்து முந்தின நாளே கைபேசிக்கு அனுப்பிவிடுவார். வீட்டில் பார்த்துவிட்டு வர வேண்டும். வகுப்பில் நாலு நாலு பேராக உட்கார்ந்து கணக்குப் போடுவது மட்டும்தான்.

அது அனார்குலுக்கு நன்றாக வாய்த்துப் போயிற்று. பால் கறந்து முடித்துத் தேநீருக்கு உட்காரும்போது பார்ப்பாள். புரியாத இடத்தில் நிறுத்துவாள், மறுபடி ஓட விடுவாள்.

"அந்த மனுசன எத்தன வாட்டி பேச வைப்ப? தொண்ட வறண்டுடப் போகுது!" என்பான் அவள் கணவன் ஜோல்தோஷ்.

"ஏழு வாட்டி கேட்டாலும் கோச்சுக்காம சொல்றாரு. நீயும் இருக்கியே!"

ஒருநாள் வந்த வீடியோவில் 3x − (x − 4) = 10 என்று ஒரு கணக்கு. விடை ஏழு என்று முடித்திருந்தார். அனார்குல் ஏழைப் போட்டுப் பார்த்தாள். பதினெட்டு வந்தது. 'நம்ம மண்டைதான்' என்று மறுபடி போட்டாள். திரும்பவும் பதினெட்டு. வீடியோவை வரிவரியாக நிறுத்திப் பார்த்தபோதுதான் தெரிந்தது: அடைப்பை எடுக்கும்போது நாலின் குறியை வாத்தியார் மாற்றவில்லை. மாற்றிப் போட்டால் மூன்று வந்தது. அப்போதும் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. வாத்தியார் தப்புப் போடுவாரா?

மறுநாள் வகுப்பில் எல்லோரும் ஏழு என்றே எழுதியிருந்தார்கள். அவள் தாளை எட்டிப் பார்த்தான் திலெக், அவள் குழுவிலிருந்த பையன்.

"அக்கா, மூணுன்னு போட்டிருக்கீங்க! வீடியோ பாக்கலையா?"

"பாத்தேன்டா. நீ?"

"ரெண்டு மடங்கு வேகத்துல ஓட விட்டேன்."

"அதான் குறிய மாத்தாம விட்டது உன் கண்ணுல படல. ஏழப் போட்டுப் பாரு."

திலெக் போட்டான். தலையைச் சொறிந்தான். பிறகு சத்தமாக, "சார், அக்கா சொல்றதுதான் சரி!" என்றான்.

"கரும்பலகைல போடுங்க, அனார்குல்," என்றார் மெதெர்பெக்.

எழுந்து போய்ச் சாக்கட்டியை எடுத்தாள். வரிவரியாக எழுதினாள். ஏன் நாலு கூட்டலாக மாற வேண்டும் என்று அவளே வகுப்புக்கு விளக்கினாள். ஒரு பெண் மறுபடி சொல்லச் சொன்னாள், மறுபடி சொன்னாள். ஒருவரும் சிரிக்கவில்லை.

மெதெர்பெக் அவள் விடையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். "தப்பு என்னோடதுதான். இன்னிக்கே வேற வீடியோ எடுத்துடறேன்."

மாலையில் வந்த புது வீடியோவின் முதல் வார்த்தையே, "போன வீடியோல நான் விட்ட தப்ப அனார்குல் பிடிச்சாங்க," என்பதுதான்.

ஜோல்தோஷுக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்து வீடு, மச்சான் வீடு, கடைத்தெரு என்று கைபேசியும் கையுமாய்ப் போய்க் காட்டினான். கணக்கைப் பற்றி யாராவது கேட்டால், "அது எனக்குத் தெரியாது. வீட்ல வந்து கேளுங்க, அவ சொல்லுவா," என்றான்.

மறுநாள் காலை மச்சான் மகள் நிஜமாகவே நோட்டுடன் வந்து வாசலில் நின்றாள். அனார்குல் அவளுக்கும் ஒரு கிண்ணம் தேநீர் ஊற்றி, நோட்டைப் பிரித்தாள்.